மெத்தைக்குள் ஒரு சத்தம்

ஜனவரி 8

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் எங்க வீட்டுக்காரரும் சௌக்கியம். அங்கே நீங்க, மாப்பிள்ளை, எங்க பாப்பா மூணு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். உங்க முதுகுவலி இப்ப எப்படி இருக்கு?

போன்ல கேட்டிருக்கலாம். ஆனா உங்க வீட்ல எப்ப பண்ணாலும் போனை எடுக்கறது எங்க பாப்பாதான். நீங்க போன்ல அதிகம் பேச மாட்டீங்கன்னும் சொன்னா. அதனால எழுதறேன். கையெழுத்துக் கோணலா இருந்தா பொறுத்துக்கணும். ஊசி பிடிச்ச கை, பேனா பிடிச்சு நாளாச்சு.

இந்தக் கடிதத்தோட எங்க கடை வண்டியில ஒரு மெத்தை வருது. பொண்ணு குடுத்த வீடுன்னு உபசாரத்துக்கு அனுப்பறதா நினைக்காதீங்க. கல்யாணம் பேச நீங்க எங்க கடைக்கு வந்தப்ப நாற்காலியில முன்னாடி நகர்ந்தீங்க, பின்னாடி நகர்ந்தீங்க, கடைசியில நின்னுக்கிட்டே பேசினீங்க. மெத்தை தைக்கிறவ கண்ணுக்கு முதுகுவலி தப்புமா? மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறார்னு எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டு இருந்தார். நான் உங்க முதுகுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன்.

அடியில கெட்டி ஸ்பாஞ்ச், நடுவுல அழுத்தின நார், மேல பஞ்சு. ஸ்பிரிங் கிடையாது. தையல் மொத்தமும் என் கை. மாசத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடா மாத்திப் போடுங்க.

அனுப்ப நாளாயிடுச்சு, மன்னிக்கணும். கடையில கூட்டம் ஜாஸ்தி, அதான். என் உடம்பைப் பத்திப் பாப்பா சொல்லியிருப்பா. புற்றுநோய் போன இடம் தெரியல. ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். முடியும் வளர்ந்துடுச்சு, முன்னைவிடச் சுருட்டையா. இனி எனக்கு என்ன?

பாப்பா அவசரத்துல காலைச் சாப்பாட்டை விட்டுட்டு ஓடுவா. ஒரு அதட்டுப் போடுங்க.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 24

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் மெத்தையும் கிடைத்தன. நாங்கள் மூவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் கணவரின் நலமும் தொடர வேண்டுகிறேன்.

நாற்காலியில் நான் நெளிந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணியிருந்தேன். மெத்தை மிக நன்றாக இருக்கிறது. முதல் வாரத்திலேயே முதுகு நிமிர்ந்தது. வண்டிக்காரர் அதைத் தனி ஆளாக மாடிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இது குறை அல்ல, வெறும் தகவல். மெத்தையின் இடப்பக்கம், இடுப்பு படும் இடத்தில், புரண்டு படுக்கும்போது ஒரு சத்தம் வருகிறது. மெல்லிய தகரத்தை நசுக்குவது போல, 'கிரக்' என்று. வேறு யாராவது என்றால் கேட்டே இருக்காது. நான் பணிக்காலம் முழுவதும் நூலகத்தில் இருந்தவள். நாலு மேசை தள்ளி ஒருவர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாலும் எனக்குக் கேட்கும். வாசகர்கள் எனக்கு 'உஷ் அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கள் மகள் அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். "சத்தம் மெத்தையில இல்ல அத்தை, உங்க எலும்புல" என்கிறாள்.

அவள் இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள். அதட்டினேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கேயும் அப்படித்தான்.

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்குச் சோறு இறங்கல. எங்க கடை மெத்தை சத்தம் போட்டதா சரித்திரமே இல்ல. ஸ்பிரிங் வெச்ச மெத்தைன்னா நாள்பட முனகும். இதுல முனக என்ன இருக்கு? ஸ்பாஞ்சுக்கு வாய் ஏது, பஞ்சுக்கு வாய் ஏது? எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். "சம்பந்தியம்மா காது ரொம்பக் கூர்மை"ன்னு சொல்லி நழுவிட்டார். நீங்க பிரிக்காதீங்க. வண்டி அந்தப் பக்கம் வர்றப்ப எடுத்துட்டு வரச் சொல்றேன். நானே வந்து பார்க்கணும், அதுதான் முறை. ஆனா இப்ப வர முடியாது.

ஏன் முடியாதுன்னு உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. கூட்டம் ஜாஸ்தின்னு போன கடிதத்துல எழுதினது சும்மா. அந்த மெத்தையைத் தைக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. முன்னெல்லாம் ஒரு வாரத்து வேலை.

எனக்கு அசதி. தூங்கினா போற அசதி இல்ல இது. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கிட்டு வந்தவ மாதிரி இருக்கு. தலை சீவக் கையைத் தூக்கினா, பாதியில இறக்கி வெச்சு மறுபடி தூக்கணும். ரத்தம் பார்த்தாங்க, தைராய்டு பார்த்தாங்க, எல்லாம் சரியா இருக்காம். நோய் வெளியே போறப்ப தெம்பையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. "அதான் சரியாப் போச்சே, இன்னும் என்ன படுக்கை? உனக்கு உடம்பு வளைய மாட்டேங்குது"ன்னு எங்க நாத்தனார் வந்து சொல்லிட்டுப் போறாங்க. வளையாம என்ன, வளைஞ்சா நிமிர முடியல.

போன வாரம் நடந்த கூத்தைக் கேளுங்க. கடை வாசல்ல கண்ணாடிக்குப் பின்னாடி பார்வைக்குன்னு ஒரு மெத்தை போட்டிருக்கோம். விரிப்பைச் சரி பண்ணப் போனவ அப்படியே சாஞ்சுட்டேன். முழிச்சுப் பார்த்தா தெருவுல ஒரு கும்பல். "மெத்தை விளம்பரத்துக்கு ஆளை வெச்சுத் தூங்க விடறாங்க பாரு, எவ்வளவு தத்ரூபமாத் தூங்கறாங்க"ன்னு பேசறாங்க. அன்னிக்கு அந்த ரகத்துல மூணு மெத்தை வித்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லா பில் போட்டார். வாங்கினவங்க படி இறங்கினதும் ஸ்டூல்ல உட்கார்ந்து ரெண்டு கையையும் முழங்கால்ல வெச்சுக்கிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கல.

கடையோட பின்பாதியில என் வெட்டு மேசை இருக்கு. அளவு எடுத்துத் துணி வெட்டறதும் தைக்கறதும் அங்கேதான். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அது என் இடம். அந்த மேசை முன்னாடி முழுசா ஒரு காலைப்பொழுது நான் நிக்கணும். எனக்கு வேற ஆசை ஒண்ணும் கிடையாது. டாக்டர் ஏதோ சத்து மாத்திரை குடுத்திருக்கார். முதல் அட்டையை எங்கேயோ வெச்சுட்டு வீட்டையே புரட்டிப் போட்டேன், கிடைக்கல. வேற வாங்கிக்கிட்டேன்.

பாப்பாவுக்கு இது தெரியக் கூடாது. போன தடவை என் கட்டில் பக்கத்துல உட்காரணும்னு வேலையை விட்டவ அவ. இப்பதான் மறுபடி ஒரு நல்ல வேலை கிடைச்சிருக்கு. நான் தும்மினேன்னு தெரிஞ்சாலே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா. உங்க மனசுலயே வெச்சுக்கோங்க.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். மருமகளிடம் எதுவும் சொல்லவில்லை.

மெத்தையில் சத்தம் நின்றுவிட்டது. வண்டி அனுப்ப வேண்டாம்.

தங்கள் சத்து மாத்திரையைக் காலையிலேயே, சாப்பிட்டவுடன் போட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்து போட்டால் தூக்கம் கெடும். முதலில் வாய் உலரும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிச்சு ஆரம்பிக்கணும், தெரியும். ஆனா அதுக்கு இப்ப பொறுமை இல்ல, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

சத்து மாத்திரைக்கு வாய் உலரும்னு உங்களுக்கு யார் சொன்னது? பொழுது சாய்ந்து போட்டா தூக்கம் கெடும்னு யார் சொன்னது? தானா நிக்கிற சத்தம் உலகத்துல உண்டா? நீங்க மெத்தையைப் பிரிச்சிருக்கீங்க. உள்ளே என் மாத்திரை அட்டை இருந்திருக்கு.

உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். தைக்கிறப்ப மேலங்கிப் பையில வெச்சிருந்தேன். பஞ்சை நிரப்பறப்பக் குனிஞ்சேன், அங்கேயே கொஞ்ச நேரம் சாஞ்சும் இருந்தேன். அப்ப விழுந்திருக்கணும். அது மேலயே தையலைப் போட்டு, தொலைச்ச அட்டையை வீடு பூராத் தேடி, சம்பந்தி வீட்டுக்கே பார்சல் பண்ணியிருக்கேன். இப்படி ஒரு காரியத்தை வேற யார் பண்ணுவாங்க?

பேரைப் படிச்சிருப்பீங்க. அது சத்து மாத்திரை இல்ல. மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரை. எனக்கு மனசுல ஒண்ணும் இல்லன்னு டாக்டர்கிட்டச் சொன்னேன். "உங்களுக்குச் சோகம்னு நான் சொல்லல. வைத்தியம் முடிஞ்சும் விடாத அசதிக்கு இந்த மாத்திரை சில பேருக்கு உதவுது, சில பேருக்கு ஒண்ணும் பண்றதில்ல. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்"ன்னார். நான் போடற மத்த மாத்திரையோட சேருமான்னு பார்த்துத்தான் எழுதிக் குடுத்தார். நானும் நாலு நாள் போட்டேன். அதுக்குள்ள நாத்தனார் அட்டையைப் பார்த்துட்டு, "இது பைத்தியத்துக்குப் போடறதாச்சே"ன்னாங்க. மறுநாள் அட்டை தொலைஞ்சுது. நல்ல சகுனம்னு விட்டுட்டேன். வேற வாங்கினேன்னு எழுதினது பொய். வாங்கவும் இல்ல, போடவும் இல்ல.

உங்க வீட்டுக்கு வந்த பொண்ணோட அம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு நினைச்சுடாதீங்க. நான் சரியாத்தான் இருக்கேன். இதை வெச்சு எங்க பாப்பாவை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

சம்பந்தி


மார்ச் 18

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கணும். என் போன கடிதத்துக்குப் பதில் வரல. தபால்ல தொலைஞ்சிருக்கும்னு முதல்ல நினைச்சேன். போன்ல பாப்பாகிட்ட, "அத்தை என்ன பண்றாங்க"ன்னு கேட்டேன். "கடிதத்தை வாங்கிக்கிட்டாங்க, இப்ப அவங்க ரூம்ல படிச்சுக்கிட்டு இருக்காங்க"ன்னா. அப்ப கடிதம் வந்து சேர்ந்திருக்கு.

உங்க மௌனம் எனக்குப் புரியுது. உங்க இடத்துல நான் இருந்தாலும் யோசிச்சிருப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். கல்யாணம் பேசறப்ப இந்த மாத்திரை என் கையில இல்ல. மறைச்சுப் பொண்ணு குடுக்கல.

இங்கே பெரிசா விசேஷம் இல்ல. கடையோட பின்பாதியைத் திரைச்சீலை விக்கிற ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். கம்பெனி மெத்தையை மட்டும் வாங்கி வெச்சு விக்கலாமாம். அவர் மேல தப்பில்ல. மேசை சும்மாத்தானே கிடக்கு. ஜூன்ல அந்த ஆள் வர்றாராம். இப்பவே ரெண்டு பெட்டி கொண்டு வந்து என் மேசை மேல வெச்சுட்டுப் போயிருக்கார். நானும் எடுன்னு சொல்லல.

மெத்தையைத் தலைமாடு மாத்திப் போட்டீங்களா?

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படி அழைக்கலாம்தானே? இனி எழுத்துத் தமிழும் வேண்டாம். அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க ரொம்ப வசதியா இருக்கு.

உங்க ரெண்டு கடிதமும் கிடைச்சுது. ரெண்டாவது கடிதத்தைப் படிச்சு அழுதேன். நான் பேசாம இருந்ததை நீங்க இப்படி எடுத்துக்குவீங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும், தோணல. அந்த நேரத்துல எனக்கு எதுவுமே தோணல.

ஆமா, பிரிச்சேன். உங்க தையலைக் கத்திரிக்கோலால வெட்டினப்ப எனக்குக் குற்றவாளி மாதிரி இருந்தது. பஞ்சுக்குள்ள கையை விட்டேன். அட்டை வந்தது. பேரைப் படிச்சதும் மெத்தை மேலயே உட்கார்ந்துட்டேன். அண்ணி, அதே பேர்ல, அதே நிறத்துல ஒரு அட்டை என் அலமாரியிலயும் இருந்தது.

மாப்பிள்ளையோட அப்பா போனப்புறம் எனக்கு நூலகத்துல புத்தகத்தை அடுக்கக்கூடக் கை வரல. டாக்டர் இந்த மாத்திரையைத்தான் குடுத்தார். மெதுவா எழுந்தேன், வேலைக்குப் போனேன், ஓய்வு பெறும்வரைக்கும் நல்லாவே இருந்தேன். என் பையனுக்குக்கூடத் தெரியாது, வைட்டமின்னு சொல்லி வெச்சிருந்தேன். உங்க வீட்ல பொண்ணு கேக்க முடிவானதும் நானே நிறுத்திட்டேன். டாக்டரைக் கேக்கல. பிள்ளையோட அம்மா இந்த மாத்திரை போடறவன்னு உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களேன்னு பயம். நீங்க என் முதுகுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தீங்க. நான் இந்தப் பயத்துல நெளிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சரிஞ்சேன். படிக்கிறேன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிக் கதவைச் சாத்திக்குவேன். மடியில புத்தகம் இருக்கும். மாசக்கணக்கா ஒரு பக்கம் புரட்டல. உங்களுக்கு வாய் உலரும், தண்ணி வெச்சுக்கோங்கன்னு எழுதினவளுக்கு அடுத்த கடிதம் எழுதத் தெம்பு இல்ல. கோபம் இல்ல அண்ணி. கோபப்படக்கூடத் தெம்பு வேணும், அது உங்களுக்குத் தெரியும்.

"மேசை சும்மாத்தானே கிடக்கு"ன்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு நேரா டாக்டர்கிட்டப் போனேன். நானா நிறுத்தினதுக்கு நல்லாத் திட்டினார். மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்.

எனக்கு வந்தது துக்கம், உங்களுக்கு வந்தது அசதி. எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கும் ஒத்துக்கும்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனா போடாத மாத்திரை வேலை செய்யாதுங்கறது மட்டும் நிச்சயம். நாத்தனார் சொல்லையும் சகுனத்தையும் விட்டுட்டுப் போய் டாக்டரைப் பாருங்க. பைத்தியம்னா நாம ரெண்டு பேரும் பைத்தியம். நல்ல ஜோடிப் பொருத்தம்.

உங்க அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா? மாத்திரை போட்டீங்களா? இனிமே நம்ம நலம் விசாரிப்பு இதுதான்.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு அழுதேன், அப்புறம் சிரிச்சேன். சிரிச்சதுல களைச்சுப் போய் படுத்தேன். ஊர் உலகத்துல சம்பந்திங்க எதையெதையோ ஒளிப்பாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே மாத்திரையை ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரர்கிட்டக் கடிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி முதல்ல இருந்து படிச்சார். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம், கடைக்கு லீவு விட்டுடறேன்"ன்னார். கல்யாண நாளுக்கே லீவு விடாத மனுஷன் அவர்.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், மெத்தைக் கதை உட்பட. அவர் சிரிப்பை அடக்க மேசைக்குள்ள எதையோ தேடினார். "திரும்ப ஆரம்பிங்க. ஆறு வாரம் குடுங்க. பலன் இல்லன்னா என்னைக் கேட்டு நிறுத்திடலாம், வேற வழி பார்க்கலாம். கூடவே தினம் நடங்க, முடிஞ்ச வரைக்கும் போதும்"ன்னார். சாயங்காலம் எங்க வீட்டுக்காரரும் கூட வர்றார். எங்க தெருவுல மூணு பெஞ்சு இருக்கு. மூணுலயும் உட்கார்ந்து பேசிட்டு வர்றோம். நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்.

நீங்க சொன்ன மாதிரி வாய் உலருது. கையும் லேசா நடுங்குது. நேத்து ஊசியில நூல் கோக்கப் போய், கடைசியில ஊசியையே கீழே போட்டுட்டேன். பயமா இருக்கு அண்ணி. இதுவும் உதவலன்னா அப்புறம் என்ன? திரைச்சீலைக்காரருக்கு ஜூன் கடைசி வரைக்கும் பதில் சொல்லாதீங்கன்னு மட்டும் இவர்கிட்டக் கேட்டிருக்கேன். சரின்னார். முகத்துல நம்பிக்கை தெரியல.

உங்கள் அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

மாத்திரை போட்டேன். நீங்க?

இந்த வாரம் ஒரு புத்தகத்துல முதல் அத்தியாயம் முடிச்சேன். துப்பறியும் கதை. யார் கொலைகாரன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு, இருந்தாலும் பக்கத்தைப் புரட்டினேன். புரட்டணும்னு தோணினதுதான் எனக்குச் சந்தோஷம்.

கை நடுக்கம் போகலன்னா டாக்டர்கிட்டச் சொல்லுங்க, அடக்கிக்கிட்டு இருக்காதீங்க. பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. பயப்படுங்க, பரவாயில்ல. பயந்துக்கிட்டே போட்டாலும் மாத்திரை மாத்திரைதான்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். வெட்டின இடத்தை நானே தைச்சேன். புத்தக அட்டை கிழிஞ்சா ஒட்டத் தெரியும், தையல் எனக்கு வராது. உங்க பாப்பா விரிப்பு மாத்தறப்பப் பார்த்துட்டா. "எங்க அம்மா தையல் இப்படி இருக்காதே அத்தை, இது என்ன, கோழி கிளறின மாதிரி"ன்னு கேட்டா. எலி கடிச்சுதுன்னேன். மாடியில, மெத்தையில, அந்த ஒரு இடத்துல மட்டும் கடிச்ச எலி. அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. புத்தகத்தைத் தொலைச்சுட்டு வந்து, "பஸ்ல விட்டுட்டேன் மேடம்"னு சொல்றவங்களை நான் அப்படித்தான் பார்ப்பேன். நாம மாசக்கணக்கா என்ன கடிதம் எழுதிக்கிறோம்னும் அவளுக்கு ஒரே குடைச்சல். காதல் கடிதமான்னு கேக்கறா.

என் விஷயத்தை நான் பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடலாம்னு இருக்கேன். உங்க விஷயம் உங்களோடது. ஆனா அண்ணி, அவ வேலையை விட்டுடுவாளோன்னு நீங்க பயப்படறது போன வருஷத்துப் பாப்பாவை நினைச்சு. இங்கே இருக்கறவ எனக்கே அதட்டல் போடறா. கொஞ்சம் நம்பிப் பாருங்க.

உங்க அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

மாத்திரை போட்டேன், வீட்டுக்காரர் சௌக்கியம், வண்டிக்காரர் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்.

ஒரு மாசமா எழுதலன்னு திட்டாதீங்க. சொல்ல நல்ல சேதி ஒண்ணும் இல்லாம எழுத மனசு வரல. முதல் மூணு வாரம் ஒண்ணுமே தெரியல. போடறதும் முழுங்கறதும் படுக்கறதுமாப் போச்சு. தண்டம்னு நினைச்சேன். உங்களுக்குப் பயந்துதான் விடாமப் போட்டேன்.

போன வியாழக்கிழமை ஒரு அம்மா தொட்டில் மெத்தைக்கு அளவு குடுத்துட்டுப் போனாங்க. சின்ன அளவு, கம்பெனிக்காரன் செய்ய மாட்டான். மேசை மேல இருந்த திரைச்சீலைக்காரர் பெட்டியை ஓரமாத் தள்ளி, துணியை விரிச்சு, வெட்ட ஆரம்பிச்சேன். எங்க வீட்டுக்காரர் ஸ்டூலைக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சுட்டுப் போனார். அப்புறம் ஓரம் மடிச்சேன், பஞ்சு நிரப்பினேன், தைச்சேன். இவர் வந்து, "சாப்பிட வரலையா? மணியைப் பார்த்தியா?"ன்னார். பார்த்தா பொழுது உச்சிக்கு வந்திருக்கு. ஸ்டூல் வெச்ச இடத்துலயே இருக்கு. நான் உட்காரவே இல்ல அண்ணி. ரெண்டு பேரும் அந்த ஸ்டூலையே பார்த்துக்கிட்டு நின்னோம். இவர் போய் அந்த ரெண்டு பெட்டியையும் தூக்கி வாசல்ல வெச்சார்.

பழைய ஆளாயிட்டேன்னு சொல்ல மாட்டேன். பாதி வந்திருப்பேன். மத்தியானம் படுத்தே ஆகணும். மறுநாள் முழுக்க அடிச்சுப் போட்ட மாதிரி கிடந்தேன். டாக்டர்கிட்டக் கேட்டேன், மாத்திரைதான் தூக்கி நிறுத்துச்சான்னு. "மாத்திரையா இருக்கலாம், நடையா இருக்கலாம், நாள் ஆனதாலயும் இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. இப்போதைக்கு எதையும் விடாதீங்க"ன்னார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை எனக்குப் பிடிச்சிருக்கு.

அன்னிக்குச் சாயங்காலமே பாப்பாவுக்குப் போன் பண்ணி என் விஷயம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதல்ல அழுதா. அப்புறம், "எலி கடிச்சுதுன்னு சொன்னது இதுக்குத்தானா"ன்னு கத்தினா. உங்களுக்கு அங்கே பூஜை நடந்திருக்கும், மன்னிச்சுக்கோங்க. லீவு போட்டு வரேன்னா. வேண்டாம், நீ வேலையைப் பாரு, நான் வரேன்னேன். சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது. நான் வரேன்னு சொல்லி ஒண்ணரை வருஷம் ஆச்சு.

பஸ்ல ஜன்னல் பக்கம் சீட்டு எடுத்தாச்சு, பதினஞ்சாம் தேதி காலையில. வளைஞ்ச ஊசியும் மெழுகு நூலும் கொண்டு வரேன். அந்தக் கோழி கிளறின தையலை நான் பிரிச்சுப் போடறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க. ஒரே மூச்சுல முடிக்க மாட்டேன். பாதியில படுப்பேன், உங்க மெத்தையிலயே.

உங்கள் அண்ணி


ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

பூஜை நடந்தது. ரெண்டு வேளை. அதோட என் விஷயத்தையும் பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டேன். பையன் என் மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில, உப்பு ஜாடி பக்கத்துல வெச்சுட்டான். இனிமே அதுக்கு அதுதான் இடமாம். காலையில மருமகள் அதைப் பார்த்துட்டுத்தான் எனக்குத் தட்டு வைக்கிறா.

சத்தம் நின்னுடுச்சுன்னு பிப்ரவரியில எழுதினேன் இல்லையா? அன்னிக்கு ராத்திரி புரண்டு படுத்தேன், சத்தம் இல்ல. எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும். இல்ல அண்ணி. அந்தக் 'கிரக்' போனதும் ரூம்ல நான் மட்டும் தனியா இருக்கற மாதிரி இருந்தது. வாழ்நாள் பூரா எல்லாரையும் சத்தம் போடாதீங்கன்னு அதட்டினவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு அமைதி அவ்வளவா ஒத்துக்கல.

அதனால வாங்க. மத்தியானம் படுக்க உங்களுக்கு இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். படுத்துக்கிட்டுச் சத்தமாப் பேசலாம். இந்த வீட்ல யாரும் உஷ்னு சொல்ல மாட்டாங்க.

பதினஞ்சாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரேன். காலை மாத்திரையை மறக்காம எடுத்து வையுங்க. இந்தத் தடவை கைப்பையில.

உங்க அண்ணி